சம்பளம் வருமுன் தேவைப்படும் பணம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ வார்டு கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 2021 தேர்தலில் அந்த வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்தும் 1,000 ராண்ட் டெபாசிட்டும் போதும். 10 சதவீத வாக்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். ஆளைத் தடுப்பது அந்த 1,000 ராண்ட் அல்ல, அதற்குப் பிறகு வருகிற செலவு.

துண்டறிக்கை, சுவரொட்டி, பெட்ரோல், வாக்குச்சாவடியில் நாள் முழுக்க உட்காரும் முகவர்களுக்குச் சாப்பாடு என்று பணம் கரையும். எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு ஒன்றும் உண்டு: பிரசாரத்தில் போகும் வாரங்களின் கூலி. கடை வைத்திருப்பவர் கல்லாவில் தம்பியை உட்கார வைத்துவிட்டு வீடு வீடாகப் போகலாம். துணி ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. வேலைக்குப் போகாத நாளில் அடுப்பெரிவதே பாடு. அவருடைய பெயர் வாக்குச்சீட்டுக்கு வராமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணமே அல்ல.

மாநகராட்சி ஊழியருக்கு இன்னொரு சிக்கல். அரசியல் சட்டத்தின் 158ஆம் பிரிவுப்படி அவர் வேட்பாளராகலாம், ஆனால் ஜெயித்தால் வேலையை விட வேண்டும். நிரந்தர வேலையையும் ஓய்வூதியத்தையும் கொடுத்து ஐந்தாண்டுப் பதவியை வாங்கும் பேரம் இது. கவுன்சிலர் சம்பளம் குறைவாக இருந்தால், இந்தப் பேரத்துக்குத் துணிபவர் வேறு வருமானம் உள்ளவராக இருப்பார், அல்லது பதவியை வைத்தே வருமானம் தேடுபவராக இருப்பார்.

சம்பளத்தைக் கூட்டினால் மாறுமா? இத்தாலியில் மக்கள்தொகை 5,000ஐத் தாண்டும் ஊர்களில் மேயர் சம்பளம் சுமார் 33 சதவீதம் கூடுகிறது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழும் மேலும் உள்ள ஊர்களை ஒப்பிட்டபோது, கூடுதல் சம்பளம் உள்ள இடங்களில் அதிகம் படித்தவர்கள் போட்டியிட்டது தெரிந்தது. பின்லாந்து 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சம்பளத்தை 35 சதவீதம் உயர்த்தியது. பெண் வேட்பாளர்களில் உயர்கல்வி பெற்றோரின் பங்கு கூடியது. ஆண்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் படித்தவர் வருவது ஒன்று, ஏழை வருவது வேறு. சம்பளம் ஜெயித்த பிறகே கைக்கு வரும்; துணி ஆலைப் பெண்ணுக்குப் பணம் தேவைப்படுவது அதற்கு முன்னால்.

வார்டில் நிற்காமல், கட்சி வரிசைப்படுத்தித் தரும் பெயர்ப் பட்டியல் வழியாகவும் கவுன்சிலராகலாம்; கட்சிக்குக் கிடைக்கும் வாக்குக்கு ஏற்ப இடங்கள் வரும். இந்தக் கட்சிப் பட்டியல் பிரசாரச் செலவைக் கட்சியின் தலையில் ஏற்றுகிறது. டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகராட்சியில் 2021 தேர்தலில் 222 இடங்களில் பாதி பட்டியல் வழியாக நிரம்பியது. நாடாளுமன்றத்துக்கு 2024இல் முதல்முறையாகச் சுயேச்சைகள் நின்றார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஆக, வசதியில்லாதவருக்குப் பட்டியலே நிஜமான வாசல். அங்கே எல்லாம் வரிசையைப் பொறுத்தது: முன்வரிசைப் பெயர் பதவிக்குப் போகும், கடைசிப் பெயர் தாளிலேயே நிற்கும். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசியல் கட்சி நிதிச் சட்டம், தொடக்கத்தில் 1,00,000 ராண்டுக்கு மேற்பட்ட நன்கொடையைக் கட்சிகள் வெளியிட வேண்டும் என்றும், ஒரே நன்கொடையாளர் ஒரு கட்சிக்கு ஆண்டுக்கு 1.5 கோடி ராண்டுக்கு மேல் தரக்கூடாது என்றும் விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பார்ப்பது கட்சிக்கு வரும் பணத்தை. பட்டியலில் மேலே ஏற ஒருவர் கட்சிக்குள் செலவழிக்கும் பணத்தை அது தொடவில்லை.