முழங்கை நிமிர்ந்ததா? கணக்குப் போட்டுச் சொல்லும் கேமராக்கள்

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார் நடுவர் டாரெல் ஹேர். முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. கை வளைந்திருப்பதில் தப்பே இல்லை. தோள் உயரத்துக்கு வந்த கை, பந்தை விடுவதற்குள் முழங்கையில் நிமிரக் கூடாது, அதுதான் விதி. முரளியின் முழங்கையோ பிறவியிலேயே முழுசாக நிமிராது. அப்படியும், நிமிர்வதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் ஏராளம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணாடி முன் நின்று, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, முன்கை சற்று மேல்நோக்கி இருக்கும்படி முழங்கையை மடக்குங்கள். வளைவு நன்றாகத் தெரியும். மடக்கியது மடக்கியபடியே இருக்க, முன்கை கண்ணாடியைப் பார்க்கும்படி தோளிலிருந்து கையைத் திருப்புங்கள். கண்ணாடியில் கை நேராகத் தெரியும். முழங்கை ஒரு டிகிரிகூட மாறவில்லை, ஆனால் நிமிர்ந்தாற்போல ஒரு தோற்றம். ஒற்றை டிவி கேமரா ஏமாறுவதும் இப்படித்தான். 2004இல் முரளி, கையை நிமிர்த்தவே முடியாதபடி இரும்புக் கம்பி பதித்த உறை மாட்டிக்கொண்டு தூஸ்ரா (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் சுழற்பந்து) வீசிக் காட்டினார். அப்போதும் கை நிமிர்வது போலத்தான் தெரிந்தது!

வேகம் இன்னொரு சிக்கல். கை கிடைமட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விடும் வரை ஆகும் நேரம், வினாடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வினாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவுக்கு அதில் இரண்டு மூன்று படங்கள் சிக்கினால் அதிகம்.

ஆக, பல கோணங்கள் வேண்டும், வேகமும் வேண்டும். உடல் அசைவைப் பதிந்து அளக்கும் மோஷன் கேப்சர் கூடத்தில் ஒரு டஜன் கேமராக்கள் பந்துவீச்சாளரைச் சுற்றி நிற்கும். வினாடிக்கு 250 படம் என்பது சாதாரணம். ஒவ்வொரு லென்ஸையும் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள். சட்டையைக் கழற்றிய பந்துவீச்சாளரின் உடம்பில் சிறு கோலி அளவுக்கு உருண்டையான மார்க்கர்களை ஒட்டுவார்கள். நெடுஞ்சாலைப் பலகைகளில் இருக்கும் அதே வகைப் பூச்சுதான் அவற்றின் மேலும். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திரும்பிப் போகும். அதனால் கேமராவுக்கு முகமோ கையோ தெரிவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான்.

ஒரு கேமரா பார்த்த புள்ளி, அந்தக் கேமராவிலிருந்து கிளம்பும் ஒரு கோட்டில் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இன்னொரு கேமராவின் கோடு அதை வெட்டும் இடத்தில் மார்க்கர் இருக்கிறது. இதற்குக் கேமராக்கள் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்காகவே வேலை தொடங்குமுன், தெரிந்த இடைவெளியில் மார்க்கர் பொருத்திய கோல் ஒன்றைக் கூடம் முழுக்க ஆட்டிக்கொண்டே நடப்பார்கள். பார்க்க மந்திரவாதி வேலை மாதிரி இருக்கும். அந்தப் படங்களிலிருந்து கேமராக்களின் இடத்தை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். எல்லாம் சரியாக அமைந்தால் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே.

ஆனால் அந்த மில்லிமீட்டர் துல்லியம் மார்க்கருக்குத்தான், எலும்புக்கு அல்ல. மார்க்கர் ஒட்டியிருப்பது தோலில். மேற்கை வேகமாகச் சுழலும்போது, உள்ளே எலும்பு சுழலும் அளவுக்கு மேலே தோல் சுழலாது. எனவே முழங்கையின் மேலேயே மார்க்கரை ஒட்டி அதை மட்டும் நம்பக் கூடாது. மேற்கையில் மூன்று, முன்கையில் மூன்று என்று கொத்தாக ஒட்டுவார்கள். முழங்கையின் இருபக்க எலும்பு முனைகளையும் முதலில் தொட்டுப் பார்த்து, அந்தக் கொத்துகளிலிருந்து அவை எங்கே இருக்கின்றன என்று பதிந்துகொள்வார்கள். பிறகு கொத்து நகர நகர, முழங்கையின் அச்சு எங்கே இருக்கும் என்பது கணக்கில் வந்துவிடும். மடங்கி நிமிர்வது, பக்கவாட்டுச் சாய்வு, முறுக்கம் என்று அசைவைத் தனித்தனியாகப் பிரிப்பதும் இதற்குப் பிறகுதான். விதிக்கு முதலாவது மட்டும் போதும்.

2004இல் பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் எலியட் குழு முரளியின் தூஸ்ராவை இப்படி அளந்தது. நிமிர்வு சுமார் 14 டிகிரி. பயிற்சிக்குப் பின் சுமார் 10. அன்றைக்குச் சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 டிகிரிதான். அதற்குள் இன்னொரு சங்கடமும் வெளிப்பட்டிருந்தது: சுத்தமான ஆக்‌ஷன் என்று பெயர் வாங்கியவர்களும் அளந்து பார்த்தால் சில டிகிரி நிமிர்த்துகிறார்கள். 2005 மார்ச்சில் எல்லோருக்கும் 15 டிகிரி என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) வரம்பு வைத்தது. முரளிக்காகவே விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சிலர் முணுமுணுப்பார்கள். அந்த அளவுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வது கஷ்டம்.

அதற்காக ஆய்வுக்கூட எண்ணை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள முடியாது. முழங்கை அச்சை எப்படி வரையறுப்பது, பந்து விடுபட்ட கணம் எது, தரவை எவ்வளவு மழுப்பி வழவழப்பாக்குவது என்று ஒவ்வொரு முடிவும் ஓரிரு டிகிரியை நகர்த்தும். வரம்பருகே நிற்பவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. 2014இல் அதே பெர்த் பல்கலைக்கழகம் ஐசிசியோடு முரண்பட்டு விலகிக்கொண்டது. இன்று சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவிலும் ஐசிசி அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

அப்புறம், கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக வீசிவிட்டுப் போனால்? அதைப் பிடிக்கத்தான் அங்கே வீசிய பந்தின் வேகத்தையும் ஆக்‌ஷனையும், புகாருக்குக் காரணமான ஆட்டத்தின் வீடியோவோடு ஒப்பிடுகிறார்கள்.