எப்படியும் முகத்துக்குத்தானே போகுது!

இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். மஞ்சப்பையிலிருந்து முகத்துக்குப் போடும் பாட்டில், டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து, தோல் டாக்டரான என் மேசையில் வைத்தார். மொத்தம் 7. ஒவ்வொரு மூடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதியிருந்தது. "வரிசை மாறக்கூடாதுன்னு வீடியோல சொன்னாங்க டாக்டர்." 24 வயதுப் பெண். ஃபேஸ்வாஷ் 1, சன்ஸ்கிரீன் 2. அதற்கு மேல் வைட்டமின் சி, தோலை உரிக்கும் கிளைகாலிக் ஆசிட், நியாசினமைடு, வைட்டமின் ஏ வகையான ரெட்டினால். கடைசியில், 7 என்ற எண்ணோடு, பாவம், மாய்ஸ்சரைசர். காலையிலும் இரவிலும் இதேதான். மூக்கின் இரண்டு ஓரமும் தோல் உரிந்திருந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கன்னம் எரிகிறதாம்.

"சன்ஸ்கிரீன் ஏன்மா ரெண்டாவது? அதுவும் ராத்திரியில?"

"அது முதல்ல தோலுக்குள்ள இறங்கணும்ல டாக்டர்?"

இறங்க வேண்டாம். சன்ஸ்கிரீன் தோலின் மேல் ஒரு படலமாக உட்கார வேண்டும். அதன் வேலையே அதுதான். உட்கார்ந்த படலத்தின் மேல் இன்னும் ஐந்து சமாச்சாரங்களைத் தேய்ப்பது, வெள்ளையடித்த சுவரைக் காயும் முன்னே ஈரத்துணியால் துடைப்பதற்குச் சமம். அங்கங்கே திட்டுத் திட்டாக மிஞ்சும். மிஞ்சாத இடத்தில்தான் மங்கு வந்து உட்காரும். பிறகு "சன்ஸ்கிரீன் போட்டும் கறுத்துட்டேன் டாக்டர்" என்று என்னிடமே வருவார்கள்.

இதை விட என்னை எரிச்சல்படுத்துவது இன்னொன்று. உள்ளங்கையில் மாய்ஸ்சரைசர் கொஞ்சம், சன்ஸ்கிரீன் கொஞ்சம், ரெண்டையும் குழைத்து ஒரே தேய். கேட்டால், "எப்படியும் முகத்துக்குத்தானே போகுது?" சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொன்னால் குடிப்பீர்களா? எப்படியும் வயிற்றுக்குத்தானே போகிறது! டியூபில் எஸ்பிஎஃப் 50 என்று வெயிலைத் தடுக்கும் அளவு போட்டிருக்கிறதே, அது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 2 மில்லிகிராம் வீதம் தனியாகத் தடவி, ஆய்வகத்தில் அளந்த எண். நீங்கள் குழைத்த கலவைக்கு அந்த எண் பொருந்தாது. பாதியாகக் குறையும் என்றுகூடக் கணக்குப் போட முடியாது. மாய்ஸ்சரைசர் போடுங்கள், சில நிமிடம் விடுங்கள், அதன் மேல் சன்ஸ்கிரீன். பவுடர், மேக்கப் எதுவானாலும் அதற்கும் பிறகு.

அளவுக்கும் இதே கதைதான். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய 1 கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும். 50 கிராம் டியூப் எத்தனை நாள் வருகிறது என்று எல்லோரிடமும் கேட்பேன். "அது வரும் டாக்டர், ஆறு மாசம்" என்பவர் சன்ஸ்கிரீன் போடவில்லை, மோந்து பார்க்கிறார். வெளியில் அலைகிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு அதையும் மறக்கக்கூடாது.

சரி, மற்றவற்றின் வரிசை? சீரம் போலத் தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியானது பிறகு. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் முகம் கழுவி, சீரம் இருந்தால் சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் முகம் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மருந்து கிரீம், அதன் மேல் மாய்ஸ்சரைசர். ரெட்டினால், ட்ரெட்டினாயின் வகைகள் முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் ஓரம் வேண்டாம். வறண்ட சருமம் என்றால் நானே வரிசையை மாற்றி, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து என்று எழுதித் தருவதுண்டு. கிளைகாலிக்கையும் ரெட்டினாலையும் ஒரே இரவில் அடுக்காதீர்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, எரிகிறது என்றுதான் அர்த்தம்.

ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, அதன் மேல் பரு மருந்து போடுகிற அம்மாக்களே, எண்ணெயைத் தாண்டி மருந்து எப்படிப் போகும்? பரு இருக்கிற முகத்துக்கு அந்த எண்ணெயே வேண்டாம். தலையில் வைத்தது நெற்றிக்கு வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: ஷேவ் செய்து படிகாரம் தேய்த்த கையோடு ஆசிட் சீரம் போட்டுவிட்டு அலறாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, ரெட்டினால் வகை எதையும் தொடாதீர்கள். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேச்சே இல்லை. கேட்கக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. சீட்டில் மூன்று கிரீம் எழுதி, பக்கத்தில் "இரவு" என்று கிறுக்கிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால், வெளியே போனவர் வீடியோவில்தான் தேடுவார். இப்போது நான் 1, 2, 3 என்று எண் போட்டே எழுதிக் கொடுக்கிறேன். ஸ்கெட்ச் பேனா யோசனை அந்தப் பெண்ணுடையதுதான்.

அவருக்கு மூன்று வாரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். மிருதுவான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது எரிச்சல் போயிருந்தது, உரிந்த இடமும் ஆறியிருந்தது. மீதி பாட்டிலையெல்லாம் என்னம்மா செய்தாய் என்று கேட்டேன்.

"வேஸ்ட் பண்ண வேண்டாம்னு தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன் டாக்டர்."

தங்கைக்கு வயது 14. வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், மஞ்சப்பையோடு.