சோழியின் பளபளப்பு எங்கே போனது?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகாபலிபுரத்தில் பொறுக்கிய கிளிஞ்சல், கடையில் வாங்கிய சோழி எல்லாவற்றையும் பிள்ளைகளின் கைவேலைக்காகப் பாத்ரூம் ஆசிட்டில் ஊறப்போட்டேன். அழுக்கு போகும் என்று பார்த்தால், சோழி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஏன்?"

ஆசிட்டைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். சோழியும் கிளிஞ்சலும் அதேதான். பாத்ரூமில் அந்தப் படிவைக் கரைக்கத்தான் ஆசிட் விற்கிறார்கள். கறை எது, சோழி எது என்று அதற்குத் தெரியுமா? நுரைத்து வந்தது கார்பன் டை ஆக்சைடு, அதாவது உங்கள் சோழியின் ஒரு பகுதி. வினிகரும் எலுமிச்சைச் சாறும் இதையே மெதுவாகச் செய்யும்.

ஆனால் ஓடு முழுக்கக் கல் இல்லை. கல்லோடு கல்லை ஒட்டவைக்கக் கொஞ்சம் புரதம் உண்டு. பல கிளிஞ்சல்களின் மேலே உரியும் பழுப்புத் தோலும் புரதம்தான். நாற்றம் வருவது உள்ளே ஒட்டியிருக்கும் சதையிலிருந்து. ஆகவே நாம் விரட்ட வேண்டியது புரதத்தை, கல்லை அல்ல. பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் முடியை நீக்கத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்கள். அந்தக் காரம் முடியின் புரதத்தைத் தாக்குகிறது. கிளிஞ்சலுக்கு அந்த வேலையைத் துணிக்குப் போடும் ப்ளீச் திரவம் செய்யும். சம அளவு தண்ணீர் கலந்து சில மணி நேரம் ஊறவிட்டு, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கடையில் வாங்கிய சோழிக்கு அதுகூட வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். ஒன்று மட்டும்: ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வருவது குளோரின் வாயு, மூடிய பாத்ரூமில் உயிரையே எடுத்துவிடும்.

சரி, பளபளப்புக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சோழிக்கு ஏன் பழுப்புத் தோல் இல்லை? சோழிக்குள் வாழும் கடல் நத்தை, உயிரோடு இருக்கும்போது தன் சதை மடிப்பை இரு பக்கமும் விரித்து, ஓட்டையே போர்த்திக்கொள்கிறது. மற்றவை உள்ளிருந்து ஓட்டை வளர்க்க, இது வெளியிலிருந்தும் பூசுகிறது. மேலே எதுவும் வந்து ஒட்ட இடமில்லை. மேற்பரப்பு வழவழவென்றே இருக்கிறது. வெளிச்சம் ஒரே திசையில் திரும்பினால் மினுமினுப்பு. ஆசிட் அரித்த குழிகளில் பட்டுக் கண்டபடி சிதறினால் வெள்ளை. பொருள் மாறவில்லை, மேடுபள்ளம்தான் மாறியது.

கடற்கரையில் ஈரமாக மின்னிய கிளிஞ்சல் வீட்டுக்கு வந்ததும் மங்கிப்போவதும் இதனால்தான். ஈரத்தில் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. காற்றிலிருந்து ஓட்டுக்குள் நுழையும் ஒளி வெகுவாக வளைய வேண்டும். தண்ணீரிலிருந்து நுழைந்தால் குறைவாக வளைந்தால் போதும், சிதறலும் குறையும். எண்ணெய் அதைவிட நல்லது, ஓட்டுக்கு இன்னும் நெருக்கமான ஒளிவிலகல் கொண்டது. பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அதனால் காய்ந்த ஓட்டில் பேபி ஆயிலைத் தொட்டுத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

அப்புறம், கடையில் "வலம்புரிச் சங்கு" என்று பெரிய விலை சொன்னால் யோசியுங்கள். நம் சங்கினத்தில் எதிர்த்திசையில் சுருண்டது அபூர்வம் என்பது உண்மை. ஆனால் இயல்பாகவே அப்படிச் சுருளும் வெளிநாட்டு நத்தை ஓடுகளை அந்தப் பெயரில் விற்கிறார்கள். அதிர்ஷ்டம் விற்பவருக்குத்தான்.

கெட்டுப்போன சோழிகளைத் தூக்கி எறியாதீர்கள். தண்ணீரில் நனைத்த மெல்லிய வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேயுங்கள். சில சோழிகளில் மேல் அடுக்கின் அடியில் ஊதா நிறம் ஒளிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது பிடித்தாலும் பிடிக்கும்.