மலை போடும் கணக்கு

கடற்கரைச் சாலையில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற நிதானத்தில் ஓடிப் பழகிய ஒருவர், மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும் 30 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்கும்போது, முப்பதை எட்டால் பெருக்கி நான்கு மணி நேரம் என்று குறித்துவைத்துக்கொள்வது இயல்பு. நானும் அப்படித்தான் குறித்துவைத்தேன். மலைக்காக இரக்கப்பட்டு ஒரு மணி நேரம் கூட்டியும் வைத்தேன். ஓடி முடித்தபோது ஆகியிருந்தது 8 மணி 40 நிமிடம். காலக்கெடு 9 மணி நேரம் என்பதால் பதக்கம் கிடைத்தது, ஆனால் எனக்குப் பின்னால் வந்தவர்களைக் கை விரல்களால் எண்ணிவிடலாம். பயிற்சிக் குறைவு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் முதல் பிழை காலில் நேர்ந்ததன்று, கணக்கில் நேர்ந்தது. சாலை தூரத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறது, மலையோ உயரத்தைக் கொண்டு போடுகிறது.

இந்த உயரக் கணக்கு ஒன்றும் புதியதல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டிலேயே இதற்கொரு எளிய விதியைச் சொல்லியிருக்கிறார்: மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். மெட்ரிக் அளவில் இதை 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று சொல்வார்கள். நான் ஓடிய பாதையின் மொத்த ஏற்றம் 1,500 மீட்டர். தூரத்துக்கு ஆறு மணி, ஏற்றத்துக்கு இரண்டரை மணி, ஆக எட்டரை மணி நேரம். என் கைக்கடிகாரத்தையும் அதன் செயற்கைக்கோள் கணிப்பையும் விட, நூற்று முப்பது ஆண்டுக்கு முந்தைய பாதசாரி ஒருவரின் விதி பத்து நிமிட வித்தியாசத்தில் என்னைச் சரியாகக் கணித்துவிட்டது. இதே விதியைப் பிரான்சின் ஷமோனியில் தொடங்கி மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் புகழ்பெற்ற ஓட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. சுமார் 170 கிலோமீட்டர் தூரமும் சுமார் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்ட அந்தப் பாதைக்கு நெய்ஸ்மித் விதிப்படி ஏறத்தாழ 51 மணி நேரம் ஆகும், ஆனால் அங்கே காலக்கெடு 46 மணி 30 நிமிடம். எங்கும் நிற்காமல், தூங்காமல் நடந்தாலும் அங்கே வெளியேற்றிவிடுவார்கள் என்று பொருள்.

உயரம் ஏன் இவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்பதை அறிய, முதலில் சரிவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான சரிவு 12க்கு 1, அதாவது சுமார் 8 விழுக்காடு. அந்தச் சரிவுக்கே இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால் பல்சட்டத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. மலைப்பாதை ஓட்டங்களிலோ 20 விழுக்காடு, 30 விழுக்காடு சரிவுகள் சர்வசாதாரணம். அங்கே உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்பதை இத்தாலியைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ மினெட்டியின் குழு, மலை ஓட்டக்காரர்கள் பத்துப் பேரைச் சாய்த்துவைத்த டிரெட்மில்லில் ஏற்றி அளந்து 2002இல் வெளியிட்டது. சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் நகர்த்த ஆகும் செலவு சுமார் 3.4 ஜூல். 45 விழுக்காடு ஏற்றத்தில் அது ஏறக்குறைய 19 ஜூலாக, அதாவது ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது.

இதை மெதுவாக ஓடுபவரின் நுரையீரலுக்கு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நடந்து ஏறும்போது ஆகும் ஆக்சிஜன் செலவை மதிப்பிட உடற்பயிற்சித் துறையில் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி 20 விழுக்காடு சரிவில் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுபவருக்கு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 26 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. மிதமாகப் பயிற்சி செய்யும் நடுவயதுக்காரர் ஒருவரின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு 40 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், இது அவருடைய உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மூச்சு வாங்கும், பேச்சு துண்டுதுண்டாக வரும், ஆனாலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். அவரே முன்னால் போகிறவர்களைப் பார்த்து ரோசப்பட்டு மணிக்கு 900 மீட்டர் என்று ஏறத் தொடங்கினால் தேவை 38 மில்லிலிட்டராகிவிடும். அது ஏறக்குறைய அவருடைய முழுக் கொள்ளளவு, சில நிமிடங்களுக்கு மேல் எவராலும் அதில் நிலைக்க முடியாது. முதல் ஏற்றத்திலேயே புதியவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் மனவுறுதிக் குறைவு அன்று, மேற்கண்ட ஆக்சிஜன் கணக்குதான்.

ஏற்றத்தில் நடப்பதைத் தோல்வியாக நினைக்கும் சாலை ஓட்டக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொரு சோதனையும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிகச் செங்குத்தாகச் சாய்க்கக்கூடிய டிரெட்மில் ஒன்றில் தேர்ந்த மலை ஓட்டக்காரர்களை ஒரே செங்குத்து வேகத்தில் நடக்கவும் ஓடவும் வைத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவின்படி, சுமார் 16 டிகிரிக்கு, அதாவது ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்கு, மேற்பட்ட சரிவுகளில் ஓடுவதைவிட நடப்பதற்கே குறைந்த ஆற்றல் போதுமானதாக இருந்தது. அவர்கள் ஏறியது மணிக்கு 1,260 மீட்டர் என்ற வேகத்தில். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த எல்லை இன்னும் தாழ்வாகவே இருக்கும். 15 விழுக்காடு சரிவில் மணிக்கு 600 மீட்டர் ஏறுகிறவர் முன்னோக்கி நகர்வது மணிக்கு 4 கிலோமீட்டர் மட்டுமே. அந்த வேகத்தில் ஓடுவதென்பது ஏறத்தாழ நின்ற இடத்தில் குதிப்பதுதான். ஒவ்வொரு குதிப்பிலும் உடலை வீணாகத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். ஆகவே கைகளை முழங்காலுக்கு மேல் ஊன்றிக்கொண்டோ, கோல்களை ஊன்றிக் கைத்தசைகளுக்கும் கொஞ்சம் வேலையைப் பகிர்ந்தளித்தோ நடப்பதே முறை. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். நாங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து கார்பன் கோல் வாங்குகிறோம்.

இவ்வளவும் மூச்சைப் பற்றியது. மூச்சு வாங்கினால் நின்று சரிசெய்துகொள்ளலாம். காலை உண்மையில் உடைப்பது இறக்கம், அதுவும் மூச்சு வாங்காமலே உடைப்பது. 1952இல் பிரிட்டிஷ் உடலியலாளர்கள் மூவர், ஆபட், பிக்லண்ட், ரிச்சி ஆகியோர், இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் தன் மிதிகட்டை பின்னோக்கிச் சுழல்வதை எதிர்த்து அழுத்த வேண்டும். இருவரின் காலிலும் விழும் விசை ஒன்றுதான், ஆனால் எதிர்த்து அழுத்தியவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிதித்தவருக்குத் தேவைப்பட்டதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. தசை சுருங்கிக்கொண்டே இழுப்பது ஒருவகை வேலை, நீண்டுகொண்டே தாங்குவது வேறுவகை வேலை என்பது அந்தச் சைக்கிள்களில் வெட்டவெளிச்சமானது.

இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை செய்வது இரண்டாவது வகை வேலை. கால் தரையில் பதியும்போது முழங்கால் மடங்குகிறது, அது முழுவதுமாக மடங்கி நாம் விழுந்துவிடாதபடி தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இந்த வேலைக்கு உடல் குறைந்த எண்ணிக்கையிலான தசைநார்களையே ஈடுபடுத்துவதால் ஆக்சிஜன் செலவு குறைகிறது, ஆனால் ஈடுபட்ட ஒவ்வொரு நாரின் மீதும் விழும் இழுவிசை கூடுகிறது. நாருக்குள் வரிசையாகக் கோத்திருக்கும் நுண்ணிய சுருங்கும் அலகுகளில் வலு குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. இதனால் ஏற்படும் வலி உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். இப்படித் தாமதமாக வரும் தசைவலிக்குத் தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902இலேயே எழுதியிருக்கிறார்.

என் ஓட்டத்தில் 22ஆவது கிலோமீட்டரில் தேயிலைத் தோட்டத்து வழியாக நீண்ட இறக்கம் தொடங்கியது. ஏற்றத்தில் இழந்த நேரத்தை இங்கே மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு பாறையிலிருந்து கால் வைத்து இறங்கி நின்றபோது, முழங்காலுக்கு மேலே இருந்த தசை தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலத் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இதயத் துடிப்போ சாதாரணமாகவே இருந்தது. மறுநாள் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து மேலே போனவர் அதை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போனார்.

இறக்கத்தில் புதியவர் செய்யும் தவறு பயத்தால் வருவது. உடலைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலை ஊன்றி அவர் இறங்குகிறார். ஒவ்வோர் அடியும் ஒரு முழு பிரேக் ஆகிவிடுகிறது. அதே இறக்கத்தைக் குட்டையான, வேகமான அடிகளால் கடந்தால் ஒவ்வோர் அடியிலும் தசை தாங்க வேண்டிய அதிர்ச்சி குறைகிறது. அப்படி இறங்கக் காலைவிடக் கண்ணுக்கே அதிகப் பயிற்சி வேண்டும். கரடுமுரடான பாதையில் நடப்பவர்களின் பார்வையைக் கருவி கொண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்றில், அவர்கள் காலடியைப் பார்க்காமல் இரண்டு எட்டு வைக்கும் தூரம் தள்ளி, ஏறத்தாழ ஒன்றரை வினாடி கழித்துக் கால் வைக்கப்போகும் இடத்தையே பார்த்தது தெரியவந்தது. புதியவர் இப்போது வைக்கும் காலையே பார்த்துக்கொண்டிருப்பதால் அடுத்த கல் அவருக்கு எப்போதும் திடீரென்றுதான் வருகிறது.

மெதுவாக ஓடுபவரின் பந்தயம் நீளமானது என்பதால் சாப்பாடும் தண்ணீரும் அதன் பகுதியாகிவிடுகின்றன. சாப்பாட்டைப் பொறுத்தவரை அவருக்குச் சாதகமே அதிகம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சுமார் 2,000 கிலோகலோரி அளவுக்கே இருக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 1,500 மீட்டர் ஏறும் வேலைக்கு மட்டுமே சுமார் 1,000 கிலோகலோரி போய்விடும். ஆனால் வேகம் குறையக் குறையக் கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஆற்றலின் பங்கு கூடுகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தமும் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆகவே மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயுமாக மென்று விழுங்க அவரால் முடிகிறது.

தண்ணீரில்தான் ஆபத்து, அதுவும் பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அவர்களிடம் மிகத் தெளிவாகக் காணப்பட்டது, ஓட்டத்தின்போது உடல் எடை கூடியிருந்ததுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதும் சேர்ந்தே காணப்பட்டது. மெதுவாகப் போகிறவருக்கு மணிக்கு வெளியேறும் வியர்வை குறைவு, குடிப்பதற்கு அவகாசம் அதிகம், ஒவ்வோர் உதவி நிலையத்திலும் அக்கறையோடு குவளையை நீட்டுகிறவர்களும் உண்டு. வெறும் தண்ணீர் சேரச் சேர ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், செல்களுக்குள் நீர் புகுந்து மூளை வீங்கும் நிலை வரைக்கும் போகலாம். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று அதன் அறிகுறிகள் நீரிழப்பை ஒத்திருப்பதால், சுற்றியிருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. தாகம் எடுத்தால் குடிப்பது என்ற பழைய பழக்கம் இங்கே போதுமானது. உப்பு சேர்த்த மோர் நல்லதுதான், ஆனால் அளவு மீறிக் குடித்ததை அந்த உப்பு ஈடுகட்டாது.

மெதுவாக ஓடுபவருக்கு ஆறுதல் தரும் அளவீடு ஒன்றும் உண்டு. மோன் பிளாங் ஓட்டத்தை முடித்த 22 பேரைச் சோதித்தபோது தொடைத்தசையின் உச்ச வலு சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தது. இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் நடக்கும் தோர் தே ஷேயான் ஓட்டம் 330 கிலோமீட்டர் தூரமும் 24,000 மீட்டர் ஏற்றமும் கொண்டது; ஆனால் அதை முடித்தவர்களிடம் இந்த இழப்பு சுமார் 24 விழுக்காடாகவே இருந்தது. இரண்டு மடங்கு தூரம் ஓடியவர்களின் கால் குறைவாகப் பழுதானதற்கு, அவர்கள் தொடக்கத்திலிருந்தே மிக நிதானமான வேகத்தில் போனதை முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இறக்கத்தின் சேதத்துக்கு உடலே ஒரு தடுப்பூசியையும் வைத்திருக்கிறது. ஒருமுறை நீண்டு தாங்கும் வேலையால் அடிபட்ட தசை, ஆறிய பிறகு அதே வேலையைச் செய்யும்போது முன்பைவிட மிகக் குறைவாகவே சேதமடைகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது, அதைப் பெற முதல் சேதம் பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. மலையே இல்லாத சென்னைக்காரருக்கு இதில் பரங்கிமலை உதவுகிறது. சுமார் 300 அடி உயரமே என்பதால் 1,500 மீட்டர் ஏற்றத்துக்குப் பதினாறு, பதினேழு முறை ஏறி இறங்க வேண்டும். அது யாருக்கும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக நான்கைந்து முறை படிகளில் நிற்காமல் இறங்கினாலே தொடைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மூச்சுப் பயிற்சியை வேறிடத்தில் செய்துகொள்ள முடிகிறவர், மேலே போகும் சாலையில் ஆட்டோவில்கூட ஏறலாம். இறங்கும்போதுதான் காலால் இறங்க வேண்டும்.