இடுப்பளவு எதற்குக் கேட்கிறார்கள்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மிஷினும் கையுமாக வாசலுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுகர் பார்க்க விரலில் குத்துவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளுக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் உரிய இடர் மதிப்பீட்டுப் படிவம் அது; சுகர், பிரஷர் போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று பார்ப்பதற்கு. வயது, புகையிலை, தினசரிக் குடி, இடுப்பளவு, உடல் உழைப்பு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு சுகர், பிரஷர், இதய நோய் உண்டா என்ற ஆறுக்கும் மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் 4-க்கு மேல் வருகிறவர்களை முதலில் பரிசோதனைக்கு அழைப்பார்கள்.

தினமும் புகையிலை போடுகிறவருக்கு 2. அப்பாவுக்கு சுகர் இருந்தால் இன்னொரு 2. ஆணுக்கு இடுப்பு 95 சென்டிமீட்டர் என்றால் 1. வயதைச் சேர்க்கும் முன்பே 5 ஆகிவிட்டது.

புகையிலை என்றால் பீடி, சிகரெட் மட்டும் இல்லை. வெற்றிலையோடு ஒரு துண்டு அடக்கிக்கொள்ளும் நம் வீட்டுப் பாட்டிகள், ‘எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை கண்ணு’ என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பேத்தி அதைச் சொல்லிவிட வேண்டும். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அந்த ஒரு பதில் உதவும்.

இடுப்பளவுக்கு பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். தொப்பை சரிந்தவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு டேப் வைக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரை மதிப்பெண் கிடையாது.

சரி, 2 மதிப்பெண்தான் வந்தது என்றால் விட்டுவிடலாமா? கூடாது. யாரை முதலில் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த எண். நோய் இருக்கிறது, இல்லை என்று அது சொல்லாது. ஒல்லியாக, எந்தப் பழக்கமும் இல்லாமல் இருப்பவருக்கும் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியிருக்கலாம். அதனால் 30 வயதுக்கு மேல் எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறை பிரஷரும் சுகரும் பார்க்க வேண்டும்.

அப்புறம், படிவத்தில் அறிகுறிகள் பற்றியும் கேட்பார்கள். இரண்டு வாரமாக ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபிறகு ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், மதிப்பெண் எதுவானாலும் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆண்கள் எதிரில் பெண்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். அக்காவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுத் தனியாகப் பேசுங்கள், அதில் தப்பே இல்லை.

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இந்த வருகையைத் தவறவிடுகிறார்கள். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போனால் அங்கேயே பார்ப்பார்கள். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் பணம் கிடையாது. பழைய சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.