மெத்தை ஷூவும் இருபதாவது கிலோமீட்டரும்

ஷூ கடைக்குள் நுழையும் ஓட்டக்காரர் எவரையும் கவனியுங்கள். ஷூவைக் கையில் எடுத்ததும் குதிகால் பக்கத்து ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. விரல் அமுங்கினால் முகத்தில் ஒரு திருப்தி. அப்புறம் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு எட்டு வைப்பார். பில் போட்டாகிவிடும்.

நானும் பல வருஷம் அப்படித்தான் வாங்கினேன். அதில் ஒரு ஜோடி பதினைந்து கிலோமீட்டர் வரை மெத்தை மாதிரி இருந்தது. இருபதைத் தாண்டியதும் பலகை. கடைசி ஐந்து கிலோமீட்டரும் பாதம் தார்ச்சாலையை நேரடியாக அறைவது போலிருந்தது. கட்டைவிரல் என்னை ஏமாற்றிவிட்டது என்று புரிய அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 65 கிலோ எடையுள்ளவர் 25 கிலோமீட்டர் லாங் ரன் போகிறார். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், நிமிடத்துக்கு 170 அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 27,600 அடி. ஒரு காலுக்கு ஏறக்குறைய 13,800. ஒவ்வொரு முறையும் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய கால் வினாடிதான். அதற்குள் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 160 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறி இறங்கிவிடும். கட்டைவிரல் என்ன அழுத்திவிடப் போகிறது? மிஞ்சிப்போனால் சில கிலோ, அதுவும் ஃபோமின் மேல்தோலில். 160 கிலோ ஏறும்போது உள்ளே என்ன நடக்கும் என்பது விரலுக்குத் தெரிய வழியே இல்லை.

கடையில் நாலு எட்டு நடக்கும்போது கிடைக்கும் மென்மையிலும் ஒரு பித்தலாட்டம் உண்டு. அதில் ஒரு பகுதி மிட்சோலிலிருந்து, அதாவது ஷூவின் அடியில் இருக்கும் தடித்த ஃபோம் அடுக்கிலிருந்து, வருவதே இல்லை. உள்ளே கழற்றக்கூடிய ஒரு மெல்லிய இன்சோல் இருக்கிறதே, சில மில்லிமீட்டர் தடிமனில், அது கொடுக்கிற சுகம். ஓட ஆரம்பித்தால் முதலில் நசுங்கிப்போவதும் அதுதான். அடுத்த தடவை கடையில் இன்சோலை உருவிவிட்டு வெறும் ஷூவில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சரி, மிட்சோலுக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் காற்றுதான். 1970களின் நடுவிலிருந்து ஓட்ட ஷூக்களில் ஆட்சி செய்வது இவிஏ என்கிற பிளாஸ்டிக் நுரை. இட்லியும் ஒருவகை நுரைதான், ஆனால் அதன் துளைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத் திறந்திருக்கும், அதனால்தான் சாம்பாரை உறிஞ்சிக்கொள்கிறது. இவிஏவின் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. மிதிக்கும்போது இரண்டு காரியம் நடக்கும். குமிழுக்குள் இருக்கும் வாயு அமுங்கும், குமிழின் சுவர்கள் மடங்கும். அமுங்கிய வாயு வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். சுவர்கள் அப்படியில்லை. மடங்கி நிமிர்வதில் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுவிடும். ஒரு ஃபோம் துள்ளலானதா, மந்தமானதா என்பதை இந்தச் சுவர்களின் குணம்தான் தீர்மானிக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்சோலை எடுத்துவிட்டு ஷூவைத் தரையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டைக் குதிகால் பகுதிக்குள் விடுங்கள். போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் எழும்பினால் பாதி ஆற்றல் திரும்பியது, மீதி வெப்பமாகப் போனது என்று அர்த்தம். கோலிக்குண்டு உங்கள் எடை இல்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பவேண்டாம். ஆனால் புது ஷூவையும் பழைய ஷூவையும் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

பெரிய ஆய்வகத்தில் இதே கேள்வியை 2018இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். நைக்கியின் வேப்பர்ஃப்ளை என்ற பந்தய ஷூவின் முன்மாதிரியில் இருந்த பீபா என்னும் புதுவகை ஃபோம் 87 சதவீத ஆற்றலைத் திருப்பித் தந்தது. அடிடாஸின் பூஸ்ட் ஃபோம் இருந்த ஷூவில் அது 76. இன்னொரு வழக்கமான பந்தய ஷூவில் 66. வேப்பர்ஃப்ளையில் ஓடியவர்களுக்குச் சராசரியாக 4 சதவீதம் குறைவான ஆற்றலே செலவானது. அன்றிலிருந்து ஓட்ட உலகமே அந்த 4 சதவீதத்தின் பின்னால் அலைகிறது.

ரிகவரி ரன்னுக்கு அந்த 4 சதவீதம் எதற்கு? முந்தைய நாள் கடுமையாக ஓடிக் களைத்த உடம்பை மெதுவாகச் சுற்றிக் கொண்டுவருவதுதான் அன்றைய வேலை. வேகமாகப் போகாமல் இருப்பதே கஷ்டம். இதில் ஷூ வேறு தூக்கிப் போட வேண்டுமா? பீபாவால் அங்கே கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: அது எடை குறைந்தது. ஷூவில் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடும் என்பது பழைய கணக்கு. லேசான ஃபோம் என்றால் எடையை ஏற்றாமல் தடிமனை ஏற்றலாம். சாலைப் பந்தயங்களில் உலகத் தடகள அமைப்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. பயிற்சி ஷூவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, 45 மில்லிமீட்டர்கூட சாதாரணமாகிவிட்டது.

இந்தத் தடிமன் மோகத்தைத் தொடங்கி வைத்தது ஹோகா என்ற ஷூ கம்பெனி. 2009இல், வெறுங்கால் ஓட்டம் பேஷனாகிக்கொண்டிருந்த அதே சமயத்தில், பிரான்ஸின் அன்சி நகரில் இரண்டு பேர் மலைச்சரிவில் வேகமாக இறங்க வசதியாக ஒரு கொழுத்த ஷூவைச் செய்தார்கள். பார்ப்பதற்குக் கோமாளி ஷூ மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்கள் உண்டு. இப்போது எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்கிறது.

தடிமன் கூடினால் தாக்கம் குறையும் என்றுதானே நினைப்போம்? இங்கேதான் உடம்பு ஒரு வேலை காட்டுகிறது. கால் என்பது ஒரு ஸ்பிரிங். முழங்கால் எவ்வளவு மடங்கவேண்டும், தசை எவ்வளவு இறுகவேண்டும் என்பதை மூளை தரையைப் பொறுத்து மாற்றிக்கொண்டே இருக்கும். கீழே மெத்தென்று இருந்தால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்ளும், கீழே கெட்டியாக இருந்தால் தளர்த்திக்கொள்ளும். மெத்தையில் நின்று குதிக்கும்போது முழங்காலை அதிகம் மடக்காமல் குதிப்போமே, அதே கதை. பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் தடித்த ஷூவையும் சாதாரண ஷூவையும் ஒப்பிட்டார்கள். மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில் தடித்த ஷூவில்தான் தரைத் தாக்கம் அதிகம், சுமார் 11 சதவீதம். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வித்தியாசம் 6 சதவீதமாகச் சுருங்கியது. மெத்தை ஷூவை மெதுவான ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் மெத்தை ஷூ ஏமாற்று வேலையா? அதுவும் இல்லை. லக்சம்பர்க்கில் 848 ஓட்டக்காரர்களுக்கு, வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு வகை ஷூக்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் ஃபோம் மென்மை, மற்றதில் கடினம். யாருக்கு எது என்று அவர்களுக்கே சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கடினமான ஷூ போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. ஆச்சரியம் அடுத்து வருகிறது: மென்மையால் பலன் பெற்றவர்கள் எடை குறைந்தவர்கள்தான். கனமானவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. “நான் கொஞ்சம் பருமன், எனக்கு மெத்தென்று வேண்டும்” என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு நேர் எதிர். யோசித்தால் எனக்கு இப்படித்தான் படுகிறது: எடை குறைந்தவர் மிதித்தால் கெட்டி ஃபோம் அமுங்குவதே இல்லை, அவருக்கு அது வெறும் பலகை. கனமானவர் மிதித்தால் மென் ஃபோம் அடிவரை அமுங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு அதுவும் பலகைதான்.

ஆகவே ஒரு மெத்தை ஷூவை எடைபோட வேண்டிய இடம் முதல் கிலோமீட்டர் இல்லை. நான் இப்போது பார்ப்பது இருபதாவது கிலோமீட்டரை. கால் களைத்து, ஓட்டத்தின் நளினமெல்லாம் போய், குதிகால் பொத்தென்று விழும் நேரம் அது. அப்போது முதலில் கவனிப்பது கணுக்கால். உயரம் கூடியதும் பாதம் பக்கவாட்டில் சாயும் வாய்ப்பும் கூடுகிறது. நல்ல ஷூவில் அடிப்பகுதி மேலே இருப்பதைவிட அகலமாக விரிந்திருக்கும், ஃபோமின் ஓரங்கள் தொட்டிபோல் உயர்ந்து பாதத்தை உள்ளே உட்காரவைக்கும். திருப்பங்களில், சாலையோரச் சரிவில் கணுக்கால் தள்ளாடினால் எவ்வளவு மெத்தென்று இருந்தும் பிரயோஜனமில்லை. அடுத்தது முன்பக்க வளைவு. தடித்த ஷூ மடங்காது, அதனால் தொட்டில் மாதிரி உருள வேண்டும். அந்த உருளல் உங்கள் வேகத்துக்குச் சரியாக வருகிறதா என்பது மெதுவாக ஓடும்போதுதான் தெரியும். டிராப் பற்றி ஒரு வரி: குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் குறைந்தால் கெண்டைக்காலுக்கு வேலை அதிகம், கூடினால் முழங்காலுக்கு.

புது ஷூ என்பது ஒரு சில வாரத்து உறவுதான். 1985இல் ஷூக்களை இயந்திரத்தில் வைத்து மிதித்துப் பார்த்தபோது, 80 கிலோமீட்டருக்குள்ளேயே அதிர்ச்சி தாங்கும் திறனில் கால்வாசி போய்விட்டது. 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் மிஞ்சியது 60 சதவீதத்துக்கும் கீழே. மனிதர்கள் ஓடிய ஷூக்களில் இழப்பு கொஞ்சம் குறைவு, 800 கிலோமீட்டரில் ஏறத்தாழ 70 சதவீதம் மிஞ்சியது. அது அந்தக் காலத்து ஃபோம். இன்றைய ஃபோம்களின் பொருளும் தயாரிப்பு முறையும் மாறிவிட்டன, ஆனாலும் குமிழ்ச் சுவர்கள் களைத்துப்போவது நின்றுவிடவில்லை. பக்கவாட்டில் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்து, ஓடாதபோதும் மறையாமல் நின்றால் உள்ளே குமிழ்கள் நசுங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு சேர்க்கை. இவிஏ சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏசி கடையில் பார்த்த ஷூ வேறு, ஏப்ரல் மாதக் காலை எட்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் ஷூ வேறு. துவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டு மறந்துபோனால் ஃபோம் சுருங்கிப்போகலாம். நிழலில், இன்சோலை வெளியே எடுத்துவைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து உலர்த்துங்கள்.

என்னைப் பலகையில் ஓடவைத்த அந்த ஜோடி இப்போது காய்கறி வாங்க மட்டும் வெளியே வருகிறது. நேற்று சும்மா எடுத்துக் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.