கரூசோவின் குரலும் தகரக் கூம்பும்

என்ரிகோ கரூசோவின் எந்த இசைத்தட்டிலும் மைக் கிடையாது. குரலுக்கும் தட்டுக்கும் நடுவே மின்சாரமே கிடையாது. இத்தாலியின் நேப்பிள்ஸில் 1873-இல் பிறந்த இந்த டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடகர், 1902 முதல் 1920 வரை பதிவு செய்த ஓபரா பாடல்களும் நேப்பிள்ஸ் பக்கத்து மெல்லிசைப் பாடல்களும் அவருடைய மூச்சின் பலத்திலேயே மெழுகில் செதுக்கப்பட்டவை.

பாடகருக்கு முன்னால் ஒரு தகரக் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். குரல் எழுப்பும் காற்றழுத்த மாற்றங்கள் அதற்குள் குவிந்து, குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிர வைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் இடமும் வலமுமாக நெளிந்து பள்ளம் வெட்டும். அவ்வளவுதான்.

ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லாததால் அந்த வேலையும் பாடகரின் தலையில்தான் விழுந்தது. சன்னமான குரலில் பாடினால் ஊசி அசையாது. உரக்கப் பாடினால் எகிறி, பக்கத்துப் பள்ளத்தின் சுவரை உடைத்துவிடும். அதனால் மென்மையான வரிகளில் கூம்பை ஒட்டி நிற்பார்கள், உச்சத்தில் சட்டென்று பின்வாங்குவார்கள். பக்கவாத்தியத்திலும் மாற்றங்கள் தேவைப்பட்டன. வயலினில் மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் கூம்பு, டபுள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் இடத்தில் பெரும்பாலும் டியூபா என்ற பித்தளை ஊதுவாத்தியம். பாடி முடித்ததும் அந்த மெழுகைப் போட்டுக் கேட்கவும் முடியாது. ஊசி பட்டால் பள்ளம் அழிந்துவிடும். மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது.

1902 ஏப்ரலில் மிலான் ஹோட்டல் அறை ஒன்றில் கரூசோவின் பத்துப் பாடல்களைப் பதிந்தவர், கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்தவரும் அவர்தான்.

அப்படியானால் ஒரு டெனர் குரல் இந்தக் கூம்பில் இவ்வளவு நன்றாக விழுந்தது ஏன்? கூம்பு ஓரளவு ஒழுங்காகப் பிடித்தது ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான அதிர்வுகளைத்தான். டெனரின் மேல் ஸ்தாயி சுரங்கள் 300-க்கும் 520-க்கும் நடுவே இருக்கின்றன. அடிப்படை அதிர்வோடு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூடவே எழும் மேற்சுரங்களில் நாலைந்தும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். குரலுக்கு உடம்பு கொடுப்பவை அவைதான். பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ உச்சத்தில் பாடும்போது அடிப்படையே 1,000 ஹெர்ட்ஸைத் தொடும். இரண்டாவது மேற்சுரத்திலேயே கூம்பு கைவிட்டுவிட, குரல் புல்லாங்குழல் போல மெலிந்துவிடும்.

ஆனால் கரூசோவும் முழுசாகப் பதியவில்லை. பயிற்சி பெற்ற ஓபரா குரல், இசைக்குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைவரை கேட்பதற்குக் காரணம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித் திரளும் ஆற்றல். குரல்நாண்களுக்கு மேலே உள்ள சிறு அறையின் அமைப்பால் அது உண்டாகிறது. கூம்பு தவறவிட்டது பெரும்பாலும் அதைத்தான். குரலின் அந்தப் பளபளப்பு போன பிறகும் 1907-இல் அவர் பாடிய 'வெஸ்தி லா ஜூப்பா' என்ற ஓபரா பாடல் இப்படி உலுக்குகிறது என்றால், அரங்கில் நேரில் கேட்டவர்கள் மீது எனக்கு உண்மையாகவே பொறாமை.

விட்டுப்போனது ஒரு பக்கம் இருக்க, கூம்பு தன் பங்குக்குச் சேர்த்ததும் உண்டு. அதன் நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்பச் சில அதிர்வுகள் மட்டும் வீங்கிவிடும். பழைய தட்டில் கேட்கும் அந்தத் தகர ஓசைக்குப் பெரும் காரணம் இதுதான். 1970-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பொறியாளர் தாமஸ் ஸ்டாக்கம் இதைக் கணினியில் பிரித்தெடுத்தார். பழைய பதிவில் எந்தெந்த அதிர்வு சராசரியாக எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்தார். அதே பாடலின் பிற்காலப் பதிவையும் அப்படியே அளந்தார். பாடல் ஒன்றே என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு கூம்பின் கைவரிசைதான். அதைக் கழித்தார். 1976-இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் அந்தப் பதிவுகளை வெளியிட்டது. வீக்கம் அடங்கியது. ஆனால் மெழுகில் விழாத 3,000 ஹெர்ட்ஸைக் கணக்குப் போட்டு வரவழைக்க முடியவில்லை.

இன்னொரு தலைவலி வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது அப்போது உறுதியான விதி அல்ல. 74-இல் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி, குரலும் இளைத்துவிடும். அச்சிட்ட இசைக்குறிப்போடு சுருதியை ஒப்பிட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். பாடகர்கள் சில பாடல்களை அரைக் கட்டை இறக்கியே பாடியிருக்கிறார்கள் என்பதால் அதையும் முழுசாக நம்ப முடியாது. அப்புறம் காதுதான் கதி. இரண்டு வேகத்திலும் ஓட்டி, 'ஆ'வும் 'ஓ'வும் எதில் மனிதத் தொண்டையிலிருந்து வருவது போல ஒலிக்கின்றன என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.